ஏழாம் லயத்து வெடிப்பு: இரு முறைகளில் ஓர் ஆய்வு

உலகத்தில் உண்மையைக் கண்டுபிடிக்க இரண்டே இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, எண்ணிப் பார்ப்பது. மற்றது, கேட்டுப் பார்ப்பது. வெறுமனே கண்ணைத் திறந்து பார்ப்பது என்று மூன்றாவதாக ஒரு வழி முற்காலத்தில் இருந்ததாகச் சொல்கிறார்கள். அதற்குச் செலவே இல்லை என்ற குறை தெரிய வந்ததும் அறிஞர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். செலவில்லாத ஒன்றை எப்படி விஞ்ஞானம் என்று ஒப்புக்கொள்வது?

மேற்படி இரண்டு வழிகளும் ஒரே ஆண்டில், ஒரே மலை ஏறி, ஒரே வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த பெருமை பெல்மதுளைக்கு மேலே இருக்கும் கிரிமெட்டித்தென்னைத் தோட்டத்துக்கு உண்டு. மேல்கணக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் லயம், அதில் கடைசி ஒற்றையறைக் காம்பரா. இருளாயியின் வீடு.

இருளாயிக்கு வயது ஐம்பத்திரண்டு. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அவள் வீட்டில் நாலு ஆட்கள். அவள், காது மந்தமான பிறகு ரேடியோவோடு மட்டும் பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டிருக்கும் அவள் புருஷன் கந்தையா, மருமகள் ஜீவராணி, ஜீவராணியின் கைக்குழந்தை. மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். ஐந்தாவதாக அந்த வீட்டில் ஒரு வெடிப்பும் குடியிருந்தது.

அது முந்திய ஆண்டு சித்திரையில் பின்சுவரில் தலைமயிர் அளவில் பிறந்தது. வைகாசி மழையில் தவழ்ந்தது. ஐப்பசியில் எழுந்து நின்றது. இப்போது கை மணிக்கட்டு வரை உள்ளே போகும். சுவருக்கு அப்பால், லயத்துக்கு மேலே நின்ற மண்மேட்டில் அதற்கு ஓர் அண்ணன் இருந்தான். அவனுக்குள் கால் போகும். அரநாயக்கவில் மலை இறங்கி வந்து ஊரை மூடிய வருஷத்திலிருந்து இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் யாரும் மழையை வெறும் மழை என்று சொல்வதில்லை. இருளாயியும் சொல்வதில்லை.

அவள் ஆசையெல்லாம் ஒன்றுதான். ரோட்டோரத்துச் சமதரையில், ஏழு பேர்ச் அளவுக் காணித்துண்டுக்கு ஒன்றாக, இருபத்து நாலு தனி வீடுகள் கட்டி முடிந்திருந்தன. வைகாசி மழைக்கு முன்னால் அதில் ஒன்றுக்கு இறங்கிவிட வேண்டும்.

வீடுகளைப் பகிரும் திணைக்களத்திலிருந்து வந்தவர் பளீல். இரத்தினபுரிக்காரர், நல்ல மனிதர். இருளாயி அவரைப் பின்சுவருக்குக் கூட்டிப் போனாள். பளீல் சட்டைக் கையை மடித்துவிட்டு வெடிப்புக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார். கடிகாரம் தட்டும் வரை போயிற்று.

"பயங்கரமாத்தான் ஈக்கி" என்றார்.

"அப்ப எழுதிக்கங்க ஐயா."

"நான் பாத்தத எழுத ஏலாது இருளாயி. நான் பாத்தா அது அபிப்பிராயம். ஆராய்ச்சிக்காரங்க வந்து பாத்தாத்தான் அது தரவு. தரவு வந்தாத்தான் வீடு."

"எங் கையி தெனம் உள்ள போயிட்டு வருதேங்க. அது என்னாங்க?"

பளீல் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "அது அனுபவம்" என்றார். "அதுக்குப் படிவம் இல்ல."

இப்படியாக விஞ்ஞானம் மலை ஏறியது.

முதலில் வந்தது அளவுசார் ஆய்வு. மாசி மாதம். அதன் தலைவர் கலாநிதி அஜந்தன், யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, எண்களோடு வாழ்கிறவர். பன்னிரண்டு தோட்டங்கள், அறுநூற்று நாற்பது வீடுகள், ஏழே நாட்கள். ஒரு வீட்டுக்கு ஒன்பது நிமிடம். இந்த வேகத்தில் உண்மையைத் துரத்துவதற்கு வேறு எந்த முறையாலும் முடியாது என்பதே அளவுசார் ஆய்வின் முதலாவது பலம். வீடுகளைக் கணினிதான் குலுக்கிப் போட்டு எடுத்தது. ஏழாம் லயத்தில் ஆறு வீடுகள் இருந்தாலும் குலுக்கலில் விழுந்தது இருளாயியின் வீடு மட்டும். அதை அவள் சாமி கண் திறந்ததாக எடுத்துக்கொண்டாள்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி யோகராஜ், இடுப்பில் தேயிலை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு, கலாநிதிக்கு வழி காட்டி வந்தார்.

"இது மேல்கணக்குங்க. அந்தா, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது கீழ்க்கணக்கு."

அஜந்தன் நெகிழ்ந்துபோனார். "இருக்கிற இடத்துக்கே கணக்கு எண்டு பேர் வைச்சிருக்கிற சனம். இஞ்சை எனக்கு வேலை சுகம்" என்றார். தோட்டத்துப் பிரிவைத்தான் கணக்கு என்பார்கள் என்று சொல்ல யோகராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் நிமிடம் ஒன்று போய்விட்டது.

இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், கதிரை போட்டார்கள். அஜந்தன் கையடக்கக் கணினியைத் திறந்தார்.

"அம்மா, நீங்கள்தான் எங்கட மாதிரி."

"சும்மா சொல்லாதீங்க ஐயா" என்றாள் இருளாயி. "உங்க மாதிரின்னா நாங்க ஏன் லயத்துல கெடக்குறோம்."

"அப்பிடி இல்லை. மாதிரி எண்டால், உங்கள ஒராளைக் கேட்டால் எல்லாரையும் கேட்ட மாதிரி."

"அப்ப எல்லாருக்கும் சேத்து நானே சொல்லிப்புடுறேன். வெடிப்பு இருக்குங்க."

"அது முப்பத்தியோராம் கேள்வி. நாங்கள் இப்ப பத்தில நிக்கிறம். வேலைக்கு ஒழுங்காப் போறனீங்களோ?"

"போறோங்க. போனாத்தானே பேரு."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. நிறை கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், கங்காணிக்குக் கோபம் வந்தால் வெட்டு. இது இந்த மலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அஜந்தனின் வினாக்கொத்து இந்த மலையில் பால் குடித்ததில்லை. அதில் பதினோராம் கேள்வி, 'உங்கள் வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள்?' என்று இருந்தது. நிமிடத்தை மிச்சம் பிடிக்க அவர் அதைச் சுருக்கிக் கேட்டார்.

"எத்தினை பேர்?"

"போன மாசமாங்க, இந்த மாசமாங்க?"

அஜந்தன் நிமிர்ந்தார். "மாசத்துக்கு மாசம் மாறுமோ?"

"மாறாம எப்பிடிங்க ஐயா?"

"சரி, போன மாசம் சொல்லுங்கோ."

"பதினெட்டு."

கலாநிதி எட்டிப் பார்த்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. "பதினெட்டுமோ?"

"அதுல நாலு அரைப் பேருங்க."

அரைப் பேர் என்றால் சின்னப் பிள்ளைகள் என்று அவருக்குத் தானாகவே விளங்கியது. படித்தவர்களுக்கு அப்படித்தான், ஒன்றைச் சொன்னால் இன்னொன்று விளங்கும். "அப்ப இந்த மாசம்?"

"இன்னும் ஒம்பதுதாங்க."

"மற்ற ஒன்பது பேரும் எங்கை?"

"மழையில போயிருச்சுங்க."

அஜந்தனின் விரல் திரைக்கு மேலே நின்றுவிட்டது. "ஒன்பது பேருமோ?"

"ஏழு மழையில போச்சுங்க. ரெண்ட இந்தா, நம்ம கங்காணி வெட்டிட்டாரு."

யோகராஜ் அடக்கமாகச் சிரித்தார். "அன்னைக்கு எனக்கும் கோவங்க. வெட்டிட்டேன். மத்த கங்காணிமாருன்னா நாலு வெட்டியிருப்பாங்க."

கலாநிதி அஜந்தன் கவ்வாத்துக் கத்தியை ஒரு தரம் பார்த்தார். கதிரையைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கேள்விகள் இன்னும் வேகமாகப் போயின. இந்த வீட்டில் வாழ்வது பற்றி உங்கள் திருப்தி ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்றபோது, "என்னத்தங்க சொல்றது, பரவாயில்லன்னு கெடக்குறோம்" என்று இருளாயி பெருமூச்சு விட்டாள். பெருமூச்சுக்கு எண் இல்லை. பரவாயில்லைக்கு மூன்று.

முப்பத்தியோராம் கேள்வி வந்தது. அஜந்தன் அடிமட்டத்தை எடுத்து வெடிப்பை மூன்று இடத்தில் அளந்தார். பதினொரு சென்ரிமீற்றர். மில்லிமீற்றர் பிசகாமல் பதிந்தார். இதை ஒத்துக்கொள்ள வேண்டும், அந்த வெடிப்பை அவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் அளந்ததில்லை. இருளாயி கைகூப்பினாள்.

பிறகு தரவுகளைக் கழுவிச் சுத்தம் செய்யும் கட்டம் வந்தது. அறுநூற்று நாற்பது வீடுகளில் ஒரு வீடு மட்டும் கூட்டத்தோடு சேராமல் துருத்திக்கொண்டு நின்றது. ஒரு காம்பராவில் பதினெட்டுப் பேர், மழையில் ஏழு பேர் மாயம், இரண்டு கொலை, கொலையாளி சாட்சியோடு ஒப்புதல், திருப்தி மூன்று. நேர்மையான எந்த விஞ்ஞானியும் செய்வதைத்தான் அஜந்தன் செய்தார். அந்த வீட்டை நீக்கினார். அதோடு ஏழாம் லயமே நீங்கிற்று. மிச்சம் அறுநூற்று முப்பத்தொன்பது வீடுகளின் வெடிப்புகளையும் கூட்டி வகுத்தார். சராசரி வெடிப்பு இரண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 'சராசரி வெடிப்பு ஆபத்தானதல்ல' என்று அறிக்கை எழுதிற்று. உள்ளவன் வெடிப்பை எடுத்து இல்லாதவனுக்கும் சரிசமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் இந்தப் பொதுவுடைமையை இதுவரை எந்த அரசாங்கமும் செய்து காட்டியதில்லை.

அடுத்து வந்தது பண்புசார் ஆய்வு. பங்குனி மாதம். கலாநிதி தனுஜா அஜந்தனின் அறிக்கையைப் படித்துவிட்டு, "இவ்வளவு எண் இருக்கு, ஒரு மனுசர் இல்ல" என்று வருந்தியவர். அவருடைய முறையில் வேகம் கிடையாது. ஒரே லயம், ஒரே வீடு, மூன்று வாரம், ஆழ்நேர்காணல். அவர் கதிரையில் உட்காரவில்லை, சிமெந்துத் தரையில் உட்கார்ந்தார். பாலில்லாத தேநீரான சாயத்தண்ணியைச் சீனியும் இல்லாமல் குடித்தார். கந்தையாவின் ரேடியோவைக்கூட அரை மணி நேரம் மரியாதையோடு கேட்டார். இருளாயிக்கு அவரை மெய்யாகவே பிடித்துப்போயிற்று. வெளியிலிருந்து வந்து தன் பேச்சை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

முதலில் ஒப்புதல் படிவம் கொடுத்தார். நாலு தாள், தடித்த நல்ல தாள். "ஒரு பிரதி உங்களுக்கு அம்மா. உங்க பாதுகாப்புக்காக உங்க பேர மாத்திடுவோம்."

"பேர எதுக்கும்மா மாத்துறீங்க. வீட்ட மாத்தினாப் போதும்."

தனுஜா அதையும் குறித்துக்கொண்டார். பிறகு ஒலிப்பதிவுக் கருவியைக் கீழே வைத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்த வெடிப்பு உங்களுக்கு என்ன சொல்லுது?"

"தள்ளிப் படுன்னு சொல்லுதும்மா."

"அதுக்கும் ஆழமாப் போனா?"

"ஆழமாப் போனா மண்ணுதாம்மா. கைய விட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கும்."

"நான் கேக்கிறது உள்ளுக்குள்ள. உங்களுக்குள்ள. ஒரு உடைவு மாதிரி எப்பவாவது தோணியிருக்கா?"

இருளாயி நியாயமாக யோசித்தாள். "எனக்குள்ள ஒண்ணும் ஒடையலம்மா. செவுருதான் ஒடஞ்சிருக்கு."

"நீங்க சுவரப் பத்திப் பேசுறீங்க. ஆனா அது ஒரு உருவகம்."

"உருவகம்னா?"

"ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குறிக்கிறது."

"நான் வெடிப்பச் சொல்லி வெடிப்பத்தாம்மா குறிக்கிறேன்."

தனுஜாவின் கண்கள் கலங்கிவிட்டன. ஒரு மக்கள் கூட்டம் தன் வலியைத் தானே எப்படி மறைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அவருக்குக் கிடைத்ததில்லை. உள்ளே குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த ஜீவராணி தலையை நீட்டினாள்.

"அத்த, அந்தம்மா ஏன் அழுவுது?"

"நம்ம செவுத்துக்காகத்தான்டி."

"அப்ப வீடு கெடச்சிரும்னு சொல்லுங்க."

பண்புசார் ஆய்வில் ஒரு விதி உண்டு. ஒரே பதில் திரும்பத் திரும்பக் காதில் விழத் தொடங்கிவிட்டால், இனிப் புதிதாக ஒன்றும் இல்லை என்று நிறுத்திவிட வேண்டும். இருளாயி முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். இரண்டாம் நாள் அதையே சொன்னாள். ஆனால் நிதி மூன்று வாரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தபடியால், உண்மையும் மூன்று வாரம் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது.

அறிக்கை வந்தபோது அதில் நாற்பத்தாறு பக்கங்கள் ஒரே வெடிப்பைப் பற்றி இருந்தன. நூற்றைம்பது வருஷ வரலாறு அந்த வெடிப்பு வழியாக உள்ளே வந்து வெளியே போயிற்று. ஓரிடத்திலும் அகலம் இல்லை. அளவு என்பது வன்முறை என்று அடிக்குறிப்பில் விளக்கப்பட்டிருந்தது. இருளாயியின் பாதுகாப்பை முன்னிட்டு அவள் 'ஒளிமதி' ஆகியிருந்தாள். கிரிமெட்டித்தென்னை 'அலர்மலைத் தோட்டம்' ஆகியிருந்தது. ஏழாம் லயம் மூன்றாம் லயம் ஆகியிருந்தது. தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவளைப் பாதுகாத்திருந்தார்கள்.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்ததும் இரண்டு அறிக்கைகளையும் ஒன்றாக வைத்து விவாதிக்க இரத்தினபுரியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மாநாடு கூடியது. 'சமூகத்தின் குரல்' என்ற பகுதிக்கு இருளாயியை வேனில் கூட்டி வந்தார்கள். கழுத்தில் மாட்டும் அட்டையில் என்ன பெயர் எழுதுவது என்று சின்னதாக ஒரு சிக்கல் வந்தது. உண்மைப் பெயரை எழுதினால் ஒழுக்கக்கோவை மீறல். ஆகவே ஒளிமதி என்று எழுதி மாட்டினார்கள். அது வேறு யாருடைய அட்டையோ என்று எண்ணி, இருளாயி பக்கத்தில் இருந்த கதிரையை ஒளிமதிக்காகக் காலியாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மேடையில் இரண்டு முறைகளும் நேருக்கு நேர் மோதின.

"உங்கட ஆய்வு ஒரே ஒரு வீட்டைப் பற்றினது" என்றார் அஜந்தன். "ஒண்டை வைச்சு நாட்டுக்கு என்ன சொல்லேலும்?"

"உங்க ஆய்வில அறுநூற்று முப்பத்தொன்பது வீடு" என்றார் தனுஜா. "ஒரு வீட்டிலயாவது ஆள் இருக்கா?"

"சராசரியா நாலு தசம் ஆறு பேர் இருக்கினம்."

"அந்த தசம் ஆறு பேர்கிட்ட நீங்க எப்பவாவது பேசியிருக்கீங்களா?"

கைதட்டல் எழுந்தது. இரண்டு பக்கமும் சமமாகத் தட்டினார்கள், ஏனென்றால் தேநீருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்போது திரையில் அஜந்தனின் அறிக்கைப் பக்கம் ஒன்று விழுந்தது. 'நீக்கப்பட்ட வீடு: 1. காரணம்: பதினெட்டுப் பேர், ஒரு காம்பரா.' பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் லய நம்பரும் இருந்தன. எண்ணுக்கு மானம் மரியாதை தேவையில்லை என்பதால் அளவுசார் ஆய்வு இடத்தின் பெயரை மறைப்பதில்லை. இருளாயி தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். படித்தாள். எழுந்தாள்.

"ஐயா, அந்தப் பதினெட்டு ஆளு இல்லைங்க. அது பேரு. வேலைப் பேரு. எங்க வீட்டுல நாலே ஆளுதாங்க."

அஜந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப கங்காணி வெட்டினது?"

"வேலையத்தாங்க."

கலாநிதிக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. இரண்டு கொலையை நெஞ்சில் சுமந்துகொண்டு அவர் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. பிறகுதான் தான் நீக்கிய வீட்டின் நினைவு வந்தது. "ஆனால் அறிக்கை அச்சாகிட்டுதே அம்மா" என்றார்.

"அவுங்க விட்டுட்ட ஒத்த வீடும் என்னோடதுங்க" என்றாள் இருளாயி. "இவுங்க எழுதுன ஒத்த வீடும் என்னோடதுங்க. மழைக்கு இன்னும் ஒரு மாசம் இல்ல. நான் எப்பங்க எறங்குறது?"

மாநாட்டுத் தலைவர் மணியைப் பார்த்தார். சமூகத்தின் குரலுக்கு ஒதுக்கியது மூன்று நிமிடம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. கருத்துக்கு நன்றி தெரிவித்து உட்காரச் சொன்னார். அந்தி சாய்வதற்குள் இரண்டு முறைகளும் தங்கள் பகையை மறந்து ஒரு முடிவில் ஒன்றுபட்டன. கையொப்பமிட்டுத் திணைக்களத்துக்கு அனுப்பினார்கள். முடிவு இதுதான்: 'மேலதிக ஆய்வு தேவை.'

பளீல் மனம் கேட்காமல் மறுவாரமே மலை ஏறி வந்தார். இரண்டு அறிக்கைகளையும் கக்கத்தில் வைத்திருந்தார்.

"முதலாவதுல நீங்க இல்ல" என்றார். "ரெண்டாவதுல ஈக்கிறது அலர்மலை ஒளிமதி. அப்பிடி ஒரு தோட்டம் இலங்கையிலயே இல்ல. கடிதம் போட்டுப் பாத்தன், திரும்பி வந்திட்டு."

"அது நான்தாங்க ஐயா."

"எனக்குத் தெரியும் அது நீங்கதாண்டு. ஆனா அறிக்கையில பேர் ஈக்கிறவவுக்குத்தான் வீடு."

"சரிங்க, அந்த ஒளிமதிக்காவது குடுங்க. நான் போயி அவ கூட இருந்துக்கிறேன்."

பளீல் சிரிக்கவில்லை. அறிக்கைகளை அவளிடமே கொடுத்தார், வெடிப்புப் பக்கம் போகவில்லை. போனால் திரும்பவும் கையை விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்று பகல் இருளாயி சோற்றுக் கஞ்சியை ஒரு சிரட்டையில் எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போனாள். ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் தாளைக் குறுக்காகப் பிடித்து, வெடிப்பின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக இழுத்து ஒட்டினாள்.

"என்ன அத்த, இம்புட்டு ஓட்டைக்குப் பேப்பர் ஒட்டா?" என்றாள் ஜீவராணி.

"ஒட்டு இல்லடி. இது கிழிஞ்சா நாம கெளம்புறோம்."

இந்த முறைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பெயர் இல்லை. மாதிரி ஒன்று, கருவி ஒரு தாள், நிதி ஒரு சிரட்டைக் கஞ்சி. இப்படிப்பட்ட கத்துக்குட்டி முயற்சிகளால்தான் ஆராய்ச்சிக்கு அவப்பெயர் வருகிறது.

வைகாசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டுக்கு கொழுந்து மலையிலிருந்து வந்தவள் மழைக்குப் போர்த்திய சாக்குக் கொங்காணியைக் கழற்றாமலே பின்சுவரைப் பார்த்தாள். தாள் கிழிந்திருந்தது. 'இந்த ஆய்விலிருந்து நீங்கள் எந்நேரமும்' என்பது இந்தக் கரையிலும், 'விலகிக்கொள்ளலாம்' என்பது அந்தக் கரையிலும் நின்றன.

இருளாயி சோற்றுக் கோப்பையை எடுத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டே இஸ்தோப்பு நெடுக நடந்தாள். ஆறு வீட்டுக் கதவும் திறந்தது. கந்தையாவுக்குக் கேட்கவில்லை. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்ததும் அவர் தானாகப் பின்னால் வந்தார்.

கங்காணி யோகராஜ் குடையோடு பாதையை மறித்தார். "தோட்டத்துத் தொரைகிட்ட ஒரு வார்த்த கேக்காம எங்க எல்லாரும்? ரெண்டு அறிக்கையிலயும் ஏழாம் லயத்தப் பத்தி ஒண்ணுமே இல்லையாமே."

"அறிக்க உள்ளதான் கெடக்கு கங்காணி. வேணும்னா போயி எடுத்துக்கங்க. நாங்க புள்ள மடுவத்துல இருக்கோம்."

யோகராஜ் லயத்தைப் பார்த்தார். மேலே மண்ணைப் பார்த்தார். பிறகு ஜீவராணியின் கையிலிருந்த குழந்தையை வாங்கிக் குடைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இருபத்து மூன்று ஆட்கள் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்து, தலை துவட்டி, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி கொதிக்கும்போது மலை இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பெருமூச்சு விடுகிற மாதிரி இருந்தது. ஏழாம் லயத்தில் நாலு காம்பரா போயிற்று. கடைசிக் காம்பரா இருந்த இடத்தில் ஒரு தேயிலைச் செடி நேராக நின்றுகொண்டிருந்தது.

மலை இறங்கிய மூன்றாம் நாள் வெயில் அடித்தது. பிள்ளை மடுவத்தின் தொட்டில்களுக்கு நடுவே பளீல் ஒரு சுற்றுநிருபத்தோடு வந்து நின்றார். கலாநிதி அஜந்தனும் கலாநிதி தனுஜாவும் ஒரே வாகனத்தில் வந்து இறங்கினார்கள். இருவரும் இப்போது ஒரே திட்டத்தில் இருந்தார்கள், 'கலப்பு முறை'. மேலதிக ஆய்வு தொடங்கிவிட்டது.

இருவருக்கும் மனசு சரியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அஜந்தன் குழந்தைக்குப் பிஸ்கட் பெட்டி கொண்டுவந்திருந்தார். தனுஜா இருளாயியின் கையைப் பிடித்தபடி இருந்தார், விடவில்லை.

பளீல் தொண்டையைச் செருமினார். "அல்லா காப்பாத்தினான், ஒரு உசிரும் போகல்ல. இது பெரிய விசயம். தலைமைக் காரியாலயத்தில ஆராய்ச்சிக்குக் கிடைச்ச வெற்றி எண்டு எழுதியும் ஈக்கிறாங்க."

"சந்தோசங்க. வீடு?"

பளீல் சுற்றுநிருபத்தை விரித்தார். அவர் குரல் தாளுக்குள் போயிற்று. "மண்சரிவில உயிரிழப்பு நடந்த லயத்துக்கு முதலாம் முன்னுரிமை. அவங்களுக்கு உடனே வீடு. உயிரிழப்பு இல்லாட்டி ரெண்டாம் முன்னுரிமை. அது... அடுத்த வருசப் பட்டியல்."

கந்தையாவின் ரேடியோவில் யாரோ பூஜைப் பூ விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜீவராணி எட்டி அதை நிறுத்தினாள்.

"மொத முன்னுரிமைக்கு எத்தன ஆளு சாகணுங்க?" என்று கேட்டாள் இருளாயி. கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

பளீல் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததைப் புரட்டினார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

அஜந்தனின் விரல் பழக்கதோஷத்தில் கணினிக்குப் போய், 'பதிலளிக்கவில்லை' என்ற கட்டத்தைத் தொட்டது. தனுஜா ஒலிப்பதிவுக் கருவியை மெல்லப் பளீலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். அது அந்த அமைதியை வெகு துல்லியமாகப் பதிந்துகொண்டது.

இருளாயி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா அவுங்க முறையில எண்ணுனாரு. அம்மா அவுங்க முறையில கேட்டாங்க" என்றாள். "இப்பப் பதில் சொல்றது யாரு முறைங்க?"